அக்காவின் எடை

மாநகராட்சியில் எதற்குக் கட்டணம் வைப்பதென்றாலும் அந்தக் கோப்பு கடைசியில் மேகத்தின் மேசைக்குத்தான் வந்து சேரும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கண் ஜன்னல் வழியாக வெளியே போய்விடுவதைப் பார்த்த மேலதிகாரி ஒருவர், "மேகம் கலைஞ்சு கீழ வந்ததும் கையெழுத்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மேலதிகாரி என்றைக்கோ ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நீச்சல் குளத்துக்கு நுழைவுக் கட்டணம், கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் கட்டணம், கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்குக் கட்டணம் எல்லாம் அவர் போட்டவைதான். அவர் கட்டணம் போடும் முறை அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பக்கத்து ஊரில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதில் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அவர் அப்படிச் செய்யமாட்டார். அந்த இடத்துக்கே போய்ச் சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். நீச்சல் தெரியாது, குளக்கரையில் பேண்டைச் சுருட்டிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் அவரை யாரோ துக்கத்தில் இருப்பவர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் வாங்கிக் குடித்தார்.

"கட்டணம்ங்கறது வாசப்படி மாதிரி" என்பார். "ரொம்ப உசரமா வெச்சா ஜனங்க சுவரேறிக் குதிப்பாங்க."

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்டால், "அதுக்கு ஒரு நாள் இறங்கி வரணும்ல" என்று அக்காதான் பதில் சொல்வாள். அக்கா வீட்டின் மாடி அறையில் அவர் குடியிருந்தார். சாப்பாடு கீழே, அக்காவோடும் மாமாவோடும். அவருக்குத் தலை நரைத்து, பல்லில் இரண்டு கழன்று, மூட்டு வலிக்கு மாத்திரை போடும் வயது ஆன பிறகும் அக்கா அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டாள். அம்மா நெடுநாள் படுக்கையில் கிடந்தபோது தம்பிக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அந்த உரிமையை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அக்காவும் மாமாவும் வீடு காலி செய்கிறவர்கள். ஒருவர் இறந்துபோனாலோ, தனியாக இருக்க முடியாமல் காப்பகத்துக்குப் போனாலோ, பிள்ளைகள் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். மிச்சத்தை இவர்கள் இருவரும் கீழே இறக்கி, பின்பக்கம் திறந்த தங்கள் வேனில் ஏற்றுவார்கள். மாமா அதிகம் பேசமாட்டார், தூக்குவார், ஓட்டுவார். பேச்சு அக்கா பங்கு. "முட்டிய மடக்கித் தூக்குங்க, இடுப்ப வளைக்காதீங்க" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு மெத்தையைப் பார்த்த உடனே அதில் படுத்திருந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுவாள். எந்தப் பக்கம் ஒருக்களித்தார், ராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாரா, யாராவது அவரைப் புரட்டிப் போட்டார்களா இல்லையா. சொல்லிவிட்டு மெத்தையை மடித்துக் கயிறு கட்டுவாள். அதற்கு மேல் யோசிக்கமாட்டாள்.

விற்க முடிந்தவை பழைய சாமான் கடைக்குப் போகும். விற்க முடியாதவை மாநகராட்சியின் மறுசுழற்சி யார்டுக்கு. அங்கே எதற்கும் காசு கிடையாது. அதை நம்பித்தான் அவர்கள் கூலி குறைவாகக் கேட்டார்கள்; அதனால்தான் காலி செய்ய வீடுகளும் கிடைத்தன.

ஒரு நாள் இயக்குநர் அம்மா மேகத்தைக் கூப்பிட்டு, யார்டின் கோப்பை அவர் பக்கம் நகர்த்தினார். "உள்ள வர்றதை எல்லாம் லாரியில அனுப்பறதுக்கு எடை போட்டுக் காசு குடுக்கறோம். வரவு ஒண்ணும் இல்ல. கவுன்சில்ல சொல்லிட்டாங்க, ஒண்ணு கட்டணம் வைங்க, இல்லேன்னா மூடுங்கன்னு. உங்க ஓய்வுக்கு முன்னாடி இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"என் அக்கா அங்கதான் சரக்கு இறக்கறாங்க மேடம். நான் போடறது சரியா இருக்குமா?"

"இந்த ஊர்ல யாரோட அக்காதான் அங்க வரல? அதை ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருங்க."

சாப்பிடும்போது அவர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு?"

"இன்னும் போடல."

"கிலோவுக்கா, வண்டிக்கா?"

"எடைக்குத்தான் நியாயம்னு தோணுது."

"மெத்தையும் பீரோவும் தூக்கறவ நான். எடைன்னா முதல் அடி எனக்குத்தான். கூலிய ஏத்தினா எவன் கூப்பிடுவான்? ஆத்தோரம் கொண்டுபோய்க் கொட்டறவன் பாதிக் கூலிக்கு வருவான், அவனைக் கூப்பிடுவாங்க."

"உனக்கு மட்டும் விலக்கு குடுக்க முடியாதுக்கா."

"நான் கேட்டனா? அப்படி ஒண்ணு எழுதினேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே." கரண்டியை மறுபடி எடுத்தாள். "கட்டணம் போடு. முதல் நாள் பில்லப் பாப்பேன். தாங்காதுன்னா வண்டிய வித்துடுவேன். அவ்வளவுதான்."

மாமா அவளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டுக்கொண்டார். அந்த வேன்தான் அவர்கள் வாழ்க்கை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மேகம் வழக்கம்போல யார்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

அது ஊரின் விளிம்பில் இருந்தது. காலையில் பனி விலகாமல் கிடக்கும். நனைந்த அட்டைப் பெட்டிக் குவியலின்மேல் முதல் வெயில் பட்டதும் ஆவி எழும்பி, குவியலே மெல்ல மூச்சு விடுவதுபோல இருக்கும். ஒரு கொட்டகையில் கதவு திறந்த குளிர்பெட்டிகள் வரிசையாக நின்றன. காற்று வந்தால் கதவுகள் தாமே அசைந்து, யாரோ பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்று மூடுவதுபோல மூடிக்கொண்டன. கண்ணாடிப் பாட்டில்களைக் கொட்டும் சத்தம் தூரத்திலிருந்து கேட்டால் அலை வந்து கரையில் உடைவதுபோல இருந்தது. சுவரோரம் பழைய நிலைக்கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வரும் வண்டி ஒவ்வொன்றும் அவற்றின் பக்கமாகப் போகும்போது கொஞ்ச தூரம் வானத்தின்மேல் ஓடியது.

அவர் உட்கார்வதற்கு யார்டே ஒரு நாற்காலி கொடுத்தது. பச்சை வெல்வெட் போர்த்திய பெரிய சாய்வு நாற்காலி. ஒரு கை மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதில் சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நாள் முழுக்க அதில் கிடந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் சாமானை வீசிவிட்டு உடனே போய்விடுவதில்லை என்பதை அங்கேதான் கண்டார். வீசிவிட்டு ஒரு சுற்று சுற்றுவார்கள். அடுத்தவர் வீசியதைத் தொட்டுப் பார்ப்பார்கள். இழுப்பறையைத் திறந்து மூடுவார்கள். ஒருவர் தம் பழைய மேசையை இறக்கிவிட்டு, குழந்தைகள் ஓட்டும் சைக்கிள் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்தார். பிறகு தோளில் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

வாசல் அறையிலிருந்து, லாரிகளை எடை போடும் எடைமேடை அம்மா குரல் கொடுத்தாள். "சார், உள்ள வந்தது வெளிய போகாது. வெச்சிடுங்க."

"தூக்கித்தானம்மா போடப்போறீங்க?"

"போடத்தான் போறோம். ஆனா அது இப்ப மாநகராட்சிச் சொத்து. யாராவது எடுத்துட்டுப் போய், கால்ல போட்டுக்கிட்டு, எங்க பேர்ல கேஸ் போட்டா?"

அவர் சைக்கிளைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அதன் சக்கரம் இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எடைமேடை என்பது வாசலில் தரையோடு தரையாகப் பதித்த அகலமான இரும்புத் தட்டு. நகரத்து லாரிகளுக்காகப் போட்டது. வண்டி ஏறினால் ஒரு மூச்சளவு கீழே இறங்கும். இறங்கிப் போனால் மறுபடி எழும்பும். பொதுமக்களின் வண்டிகளையும் இனி இதில்தான் நிறுத்துவது என்று முடிவாயிற்று. உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குப்பையின் எடை. அதற்குக் கட்டணம். சோதனைக்காக ஒரு வாரம், காசு வாங்காமல் பில் மட்டும் அடித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு.

அந்த வாரத்தில் ஒரு மதியம் அக்காவின் வேன் வந்தது. முந்தின நாள் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல்மாடி வீடு ஒன்றைக் காலி செய்திருந்தார்கள். அக்காவுக்கு இரவெல்லாம் முதுகு வலி, தூக்கமே இல்லை. தட்டின்மேல் ஏறி, எடை போட்டு, உள்ளே போனார்கள். மேகம் வாசல் அறையில் எடைமேடை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சரக்கை இறக்கி முடித்ததும் அக்காவுக்கு வேர்த்தது. மேல்கோட்டைக் கழற்றிச் சுருட்டித் தன் இருக்கையில் போட்டாள். தம்பி ஒரு வாரமாகப் புகழ்ந்துகொண்டிருந்த பச்சை நாற்காலி அங்கே காலியாகக் கிடந்தது. என்னதான் இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தாள். சாய்ந்தாள். வெயில் இதமாக இருந்தது. எங்கோ பாட்டில்கள் அலை அலையாக உடைந்தன.

மாமா கயிறுகளைச் சுற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். பக்கத்து இருக்கையில் கோட்டு சுருண்டு கிடந்தது. வேலை முடிந்தால் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அக்கா தூங்கிவிடுவது வழக்கம்தான். எழுப்பினால் திட்டுவாள். மாமா சத்தமில்லாமல் வண்டியை எடுத்தார்.

வேன் தட்டின்மேல் வந்து நின்றது. மேகம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அதையே அக்காவாக எடுத்துக்கொண்டு, கண் அதற்கு அப்பால் நிலைக்கண்ணாடிகளுக்குப் போய்விட்டது. அவற்றில் நிஜ மேகம் ஒன்று ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிக்கொண்டிருந்தது. பில் அடித்தது. மாமா அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெகுநேரம் கழித்து அக்கா தலைமுடியைக் கோதிக்கொண்டே வாசலுக்கு நடந்து வந்தாள். "எங்கடா வண்டி?"

மேகம் எழுந்து நின்றார். எடைமேடை அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தாள், தன் திரையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, உங்களையும் சேத்து இறக்கினதாப் போட்டுட்டோம்."

"என்னது?"

"வரும்போது நீங்க வண்டியில இருந்தீங்க. போகும்போது இல்ல. மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும். உங்க எடைக்கும் சேத்துக் குப்பைக் கட்டணம் வந்திருக்கு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

"கோட்டைப் பாத்தேன்கா."

"அறுபது வருஷமாப் பாக்கற மூஞ்சி. கோட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியல."

மாமா பாதி வழியில் ஏதோ கேட்டு, பதில் வராததால் திரும்பிப் பார்த்து, அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அக்கா அவர் பையிலிருந்து பில்லை உருவிப் படித்தாள். மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் பிடித்துக்கொண்டாள்.

"ஆக, என்னைக் குப்பையில போட்டா எவ்வளவு வரும்னு தெரிஞ்சுபோச்சு. மெத்தையவிட நான் கூட."

"தப்பு என்னோடதுதான். ரெண்டு தடவையும் ஆளை எண்ணிப் பாக்கணும்னு எழுதிடறேன்."

"எழுது, எழுது. ஆனா ஒண்ணு சொல்லு. வண்டியில இருந்தது ஒண்ணு உள்ள தங்கிட்டா கட்டணம் ஏறுதுல்ல? அப்ப உள்ள இருந்தது ஒண்ணை ஏத்திக்கிட்டு வந்தா இறங்கணும்ல? அந்த நாற்காலிய மட்டும் நான் தூக்கிட்டு வந்திருந்தேன்னு வையி, மெத்தைக்குப் பாதி கழிஞ்சிருக்கும்." ஏளனமாகத்தான் சொன்னாள். "ஆனா உங்க ஊர்ல உள்ள போனது வெளிய வராதே."

தம்பி கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது. கண் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

"போயிட்டான்" என்றாள் அக்கா மாமாவிடம். "தட்டை எடுத்து மூடி வைங்க. எப்ப வருவானோ."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சைக்கிள் சக்கரத்தை. அது நிற்காமல் சுற்றிக்கொண்டு, தோளில் ஏறி, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இழுப்பறைகள், நிலைக்கண்ணாடிகள், வானத்தின் துண்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எடைமேடைத் தட்டு மூச்சு விட்டு விட்டு எழும்பியது.

மறுநாள் இயக்குநர் அம்மாவிடம் போய் நின்றார். வித்தியாசத்துக்குத்தான் கட்டணம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். அப்படியென்றால் வெளியே எடுத்துப் போகவும் விடவேண்டும். கூரை உள்ள கொட்டகை ஒன்றில் உருப்படியானதை ஒதுக்கி வைப்போம். எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த எடை தானாகக் கழிந்துவிடும் என்றார்.

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் எடுத்துட்டுப் போனா வரவு எங்கேருந்து வரும்?"

"போனது போக மிச்சத்தைத்தானே மேடம் நாம லாரியில அனுப்பணும். அவங்க தூக்கிட்டுப் போற எடைக்கு நமக்கும் செலவு இல்ல."

இயக்குநர் அம்மா காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கில் கெட்டிக்காரர், அந்த இடத்துக்கு வாய்ப்பேச்சால் வந்தவர் இல்லை. "மின்சார சாமான் ஒண்ணும் வெளிய போகக்கூடாது, தீப்பிடிச்சா நம்ம தலையில விழும். எடுத்துட்டுப் போறவங்க தங்கள் பொறுப்புன்னு போர்டு வைங்க. அப்புறம், கொண்டுவந்ததைவிட அதிகமா ஏத்திட்டுப் போனா?"

மேகம் இதை நினைத்துப் பார்க்கவில்லை. "நாம அவங்களுக்குக் குடுக்கணுமோ?"

"நல்லாருக்கு. கடை திறந்து வெச்ச மாதிரி ஆயிடும். பூஜ்யத்துக்குக் கீழ போகாதுன்னு எழுதுங்க. ஆளை எண்ணறதையும் எழுதுங்க. உங்க அக்கா கதை எனக்கு வந்துடுச்சு."

அவர் சிவந்து போனார். எழுதினார்.

கட்டணம் அமலான நாளே அவர் வேலையில் கடைசி நாளாக அமைந்தது. ஓய்வுக்குள் முடியவேண்டும் என்று இயக்குநர் அம்மா விரட்டியதுதான் காரணம். அலுவலகத்தில் மாலை போட்டு, கடிகாரம் ஒன்று கொடுத்து, பேசுகிறவர்கள் எல்லாரும் பேசினார்கள். எல்லாவற்றையும் ஜன்னல் பார்த்தபடி கேட்டுவிட்டு, மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் ஏறி யார்டுக்குப் போனார். அக்கா இன்று வருவாள் என்று தெரியும்.

வேன் மத்தியானம் வந்தது. மேலே ஒரு மெத்தை, உடைந்த கட்டில், நனைந்த கம்பளம், அடுக்கிய பழைய பத்திரிகைகள். எடைமேடை அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "ரெண்டு பேர்" என்று உரக்கச் சொல்லிப் பதிந்தாள்.

"கோட்டை எண்ணிடாதே" என்றாள் அக்கா.

சரக்கை இறக்கிவிட்டு அக்கா புதுக் கொட்டகைக்குள் போனாள். அங்கே ஏற்கெனவே ஜனம் நடமாடிக்கொண்டிருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. தூசி வெளிச்சத்தில் மிதந்தது. ஒருவர் விளக்குக் கூண்டு ஒன்றைத் தலைக்குமேல் பிடித்துப் பார்த்தார். குழந்தை சைக்கிளை ஒதுக்கி வைத்திருந்த இடம் காலியாக இருந்தது. அக்கா அவசரப்படவில்லை, எதை எந்த வீட்டுக்கு, எந்தக் கடைக்குக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கதவு பீரோ ஒன்றைத் தட்டிப் பார்த்தாள், மரம் கெட்டி. ஒரு சின்ன அலமாரி. கடைசியில் பச்சை நாற்காலி. மாமா முட்டியை மடக்கித் தூக்கினார். சொல்லாமலே செய்தார்.

ஏற்றி முடிந்ததும் அக்கா தம்பியைப் பார்த்தாள். "வேலை முடிஞ்சுதுல்ல? ஏறு. வீட்டுக்குத்தானே வரப்போறே."

முன்னால் இரண்டே இருக்கை. மேகம் பின்னால் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வேன் தட்டின்மேல் போய் நின்றது.

எடைமேடை அம்மா வெளியே வந்தாள். "சார், இறங்குங்க."

"ஏம்மா?"

"வரும்போது ரெண்டு பேர். இப்ப மூணு. உங்க விதிதான். மனுஷ எடையக் கழிச்சுக் குடுக்கச் சொல்லி எங்கயும் எழுதல."

"பழைய சாமான்மா" என்றாள் அக்கா முன்னாலிருந்து. "ஆனா இன்னும் உபயோகப்படும். கழிச்சுக்கக் கூடாதா?"

"கூடாதுக்கா."

மேகம் இறங்கித் தட்டுக்கு வெளியே போய் நின்றார். தட்டு ஒரு மூச்சளவு எழும்பியதுபோல அவருக்குத் தோன்றியது; எழும்பியிருக்காது. பில் அடித்தது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கினாள். படித்தாள். மாமாவிடம் காட்டினாள். மாமா படித்தார், திருப்பிக் கொடுத்தார். மறுபடி படித்தாள். காசை எடுத்துக் கொடுத்தாள்.

தட்டுக்கு அந்தப் பக்கம் வேன் நின்றது. மேகம் மெதுவாக அதை நோக்கி நடந்தார். பில் தாங்குமா என்று கேட்கத்தான் வேண்டியிருந்தது. பக்கவாட்டில் போய் நின்றார்.

அக்கா பில்லை மடித்து முன்கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகினாள். "நாளைக்கு ரெண்டாவது தெருவுல ஒரு வீடு ஒத்துக்கிட்டிருக்கேன். மூணு அறை. பெரிய கட்டில் இருக்காம்."

"அப்ப வண்டி?"

"வண்டி இல்லாம கட்டிலத் தலையிலயா தூக்கிட்டு வர்றது? உனக்கும் இனிமே வேலை இல்ல. காலையில எழுந்து கூட வா. ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்காம ஒரு கை பிடி. ஏறு, ஏறு, பின்னாடி வண்டி நிக்குது."

அவர் பின்னால் ஏறி நாற்காலியில் சாய்ந்தார். தேய்ந்த கை அவர் கைக்குச் சரியாகப் பொருந்தியது. வண்டி ஊருக்குள் திரும்பியது. அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் தெருக்கள் அவரிடமிருந்து ஒவ்வொன்றாக விலகிப் போயின. நீச்சல் குளத்தின் சுவர், கடைத்தெரு, கல்லறைத் தோட்டத்தின் கேட். எல்லாம் அவர் விலை வைத்தவை. தெருவில் நின்ற சிலர், சாய்வு நாற்காலியில் வானத்தைப் பார்த்தபடி போகும் ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் பீரோவின் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

முன்னாலிருந்து அக்கா கத்தினாள். "டேய், அந்தக் கதவப் பிடிச்சுக்கோ. கழண்டு விழுந்துடப் போகுது."

அவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.